ரஷ்ய நகரங்களின் திட்டமிடலில் குடிமக்களின் குரல் எப்போது, எப்படி நுழைந்தது?

ரஷ்யாவில் நகரத் திட்டமிடல் எப்படி மாறி வந்தது, அதில் மக்களுக்குப் பங்கு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பங்கு உண்டு, ஆனால் திட்டம் வரையப்படும் வேளையில் அல்லாமல், வரைந்து முடித்த பின் எழும் எதிர்ப்பாகவே அது பெரும்பாலும் வெளிப்பட்டிருக்கிறது என்பது என் கணிப்பு.

மன்னர் பீட்டர் 1703இல் தொடங்கிய சென்ட் பீட்டர்ஸ்பர்க் முதல், ஸ்டாலின் காலத்து 1935ஆம் ஆண்டு மாஸ்கோ பொதுத் திட்டம் வரை, நகரத்தின் உருவத்தை ஆட்சியாளர்களே தீர்மானித்தார்கள். குருசேவ் காலத்தில் ஆலைகளில் வார்த்த கான்கிரீட் பலகைகளால் விரைந்து எழுப்பப்பட்ட ஐந்தடுக்குக் குடியிருப்புகள், ஒரே சமையலறையைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட வாழ்க்கையிலிருந்து கோடிக்கணக்கானோரை மீட்டன. அது பெரிய சாதனை. ஆனாலும் அங்கே குடியேறவிருந்தவர்களின் கருத்தை யாரும் கேட்கவில்லை.

மாற்றத்தின் தொடக்கமாக நான் கருதுவது 1987 மார்ச் மாதத்தை. கவிஞர் எசெனின் உயிர்நீத்த அங்லெத்தேர் விடுதியை இடிக்கக் கூடாது என்று லெனின்கிராடின் (சென்ட் பீட்டர்ஸ்பர்க்கின் அன்றைய பெயர்) இளைஞர்கள் ஐசக் சதுக்கத்தில் திரண்டு நின்றார்கள். கட்டடம் இடிக்கப்பட்டது, ஆயினும் நகரத்தின் ஒரு கட்டடத்துக்காக அரசை வெளிப்படையாக எதிர்த்து நிற்க முடியும் என்பதை ஊர் கண்டுகொண்டது.

2004ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தொகுப்பு பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டங்களை விரிவாக வகுத்தது. ஆனால் அவற்றின் முடிவு அதிகாரிகளைக் கட்டுப்படுத்தாது, பரிந்துரையாகவே நிற்கும். அதனால்தான், சென்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஸ்மோல்னி பேராலயத்துக்கு எதிர்க்கரையில் ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் காஸ்ப்ரோம் என்ற அரசு எரிவாயு நிறுவனம் எழுப்பவிருந்த ஓக்தா கோபுரத்தைக் கருத்துக்கேட்பு மட்டும் தடுக்கவில்லை. பல ஆண்டுத் தெருப் போராட்டம், நீதிமன்ற வழக்குகள், யுனெஸ்கோவின் எச்சரிக்கை ஆகியவை சேர்ந்த பிறகே, 2010 டிசம்பரில் அந்த இடம் கைவிடப்பட்டது. கோபுரம் நகர மையத்திலிருந்து விலகி லக்தாவில், 462 மீட்டரில் எழுந்தது.

2017இல் மாஸ்கோவில் நிகழ்ந்தது இதைவிட ஆழமானது. 5,000க்கும் மேற்பட்ட பழைய குடியிருப்புக் கட்டடங்களை இடித்து, ஏறத்தாழ பத்து லட்சம் பேரைப் புதிய வீடுகளுக்கு மாற்றும் திட்டத்தை மாநகராட்சி அறிவித்தபோது, சோவியத் வீழ்ச்சியை ஒட்டி வந்த தனியார்மயத்தால் தம் வீட்டுக்குத் தாமே உரிமையாளர்களாகியிருந்த மக்கள் அதைச் சொத்துரிமைப் பிரச்சினையாகவே பார்த்தார்கள். மே 14 அன்று சாகரோவ் சாலையில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். ஜூலையில் கையெழுத்தான சட்டம் முதல் வரைவை விடக் கூடுதல் பாதுகாப்புகளைத் தந்தது. ஒரு கட்டடத்தை இடிக்க அங்குள்ளோரில் மூன்றில் இரு பங்கினரின் ஒப்புதல் தேவை என்றானது. எனினும் வாக்களிக்காதவர்களின் வாக்குகளை, வாக்களித்தோரின் விகிதப்படி பிரித்துச் சேர்த்த முறை எனக்கு நியாயமாகப் படவில்லை. பேசாதவரின் வீட்டைப் பற்றி வேறொருவர் முடிவெடுக்க அது வழிசெய்தது.

2019இல் யெகாதெரின்பர்க்கில் நாடக அரங்கின் அருகிலிருந்த பூங்காவில் தேவாலயம் கட்டும் முயற்சியைப் பல நாள் போராட்டம் நிறுத்தியது. கருத்துக்கணிப்பில் 74 சதவீதத்தினர் அந்த இடத்தை ஏற்கவில்லை. அந்தக் கணிப்பும் வேலி எழுப்பப்பட்டு, அது பிடுங்கப்பட்ட பிறகுதான் நடத்தப்பட்டது.

இன்று பூங்காக்களைத் தேர்ந்தெடுக்க இணைய வாக்கெடுப்புகள் நடக்கின்றன. ரஷ்யாவின் தாதர்ஸ்தான் குடியரசில் குடியிருப்போருடன் கலந்து பேசி அமைத்த பொது இடங்கள் 2019இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருதையும் பெற்றன. இவை உண்மையான முன்னேற்றங்கள். ஆனால் 2017 இறுதியில் வந்த சட்டத் திருத்தம், நேரடிக் கூட்டத்துக்குப் பதிலாக இணையத்தில் கருத்துப் பதிவதை அனுமதித்துவிட்டது. பூங்காவின் வடிவம் பற்றி இணையத்தில் கேட்கலாம். எந்த நிலத்தில் எத்தனை மாடி எழலாம் என்ற கேள்வியை மக்கள் நேருக்கு நேர் அதிகாரியிடம் கேட்கும் கூட்டம் இருந்தே ஆக வேண்டும்.