மகள் கேட்பது ஷாக் வைத்தியம் இல்லை, அம்மா

அன்புள்ள அம்மா,

"மூளைக்கு ஷாக் வைக்கிற வேலைக்கா என் பெண்ணை அனுப்புவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தப் பயத்தைப் பார்ப்போம். உங்கள் மகள் படித்து வேலை செய்ய ஆசைப்படுவது டி.எம்.எஸ். எனப்படும், மூளையைக் காந்தத்தால் தூண்டும் சிகிச்சைத் துறையில். இதற்கு மயக்க மருந்து கிடையாது. நோயாளி விழித்தபடி நாற்காலியில் சாய்ந்திருப்பார். எட்டு வடிவத்தில் சுற்றிய செம்புச் சுருளைத் தலையை ஒட்டி வைத்து, ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரம் அதில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் பாய்ச்சுவார்கள். 'டக்' என்று சத்தம் கேட்கும். சுருள் சரியான இடத்தில் இருந்தால் எதிர்ப்பக்கக் கையின் கட்டைவிரல் தானாகத் துள்ளும். அந்தத் துள்ளலை வைத்துத்தான் அவரவருக்கு எவ்வளவு வலு தேவை என்று கணக்கிடுகிறார்கள். வலிப்பு வருவது அபூர்வம், ஆனால் வரலாம். அதனால் யாருக்குக் கொடுக்கலாம் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார்.

இதன் அடிப்படை வேறெங்கும் இல்லை, அவளுடைய பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தில் மின்காந்தத் தூண்டல் பாடத்தில் இருக்கிறது. மாறும் காந்தப்புலம் மின்சாரத்தை உண்டாக்கும் என்று விஞ்ஞானி ஃபாரடே 1831இல் கண்டதை, 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் உடனிருந்தவர்களும் மனித மூளையில் செய்து காட்டினார்கள். பார்க்கர் வைத்தியம் பார்க்கும் மருத்துவர் அல்ல, மருத்துவ இயற்பியலாளர். 2008இல் மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு அமெரிக்கா இதை அனுமதித்தது. பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸிலும் இந்தச் சிகிச்சை உண்டு.

சரி, படிப்புக்கு வருவோம். 'காந்தத் தூண்டல்' என்ற பெயரில் இளநிலைப் பட்டம் தேடாதீர்கள். பயோ-மேத்ஸ் குரூப் என்பதால் அவளுக்கு இரண்டு கதவும் திறந்திருக்கிறது. நோயாளியைப் பார்க்க ஆசை என்றால் நீட், எம்.பி.பி.எஸ்., அப்புறம் மனநல மருத்துவத்தில் எம்.டி. நீண்ட பாதைதான், ஆனால் தெளிவான பாதை.

கருவியைச் செய்ய ஆசை என்றால் பொறியியல். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பெயரில் 'பயோமெடிக்கல்' இருக்கிறது என்பதற்காக ஆய்வகமே இல்லாத கல்லூரியில் சேர்த்துவிடுகிறார்கள். கிண்டி பொறியியல் கல்லூரியிலோ கோவை பி.எஸ்.ஜி.யிலோ பயோமெடிக்கல் கிடைத்தால் தாராளமாகச் சேருங்கள். கிடைக்காவிட்டால், சுமாரான பயோமெடிக்கலைவிட நல்ல கல்லூரியில் இ.சி.இ. அல்லது இ.இ.இ. மேல் என்பேன். அந்தச் சுருளுக்குப் பின்னால் இருப்பது மின்தேக்கியும் உயர் மின்னழுத்தச் சுற்றும்தானே! பிறகு எம்.டெக். நுழைவுத் தேர்வான கேட் எழுதி, ஐ.ஐ.டி. மெட்ராஸும் வேலூர் சி.எம்.சி.யும் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். போன்ற படிப்புக்கு முயலலாம்.

வேலை பற்றி மறைக்க மாட்டேன். பி.இ. முடித்ததும் ஆராய்ச்சி வேலை அரிது. மருத்துவமனைக் கருவிப் பராமரிப்பு, கருவி நிறுவனங்களின் சர்வீஸ், இப்படித்தான் பலருக்கும் தொடக்கம். ஆராய்ச்சி வேண்டுமென்றால் முதுகலை, முனைவர் பட்டம் வரை போக வேண்டும். அதற்கான பொறுமையும் பணமும் வீட்டில் இருக்கிறதா என்று இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

இன்று இரவு அவளிடம் ஒன்றைக் கேளுங்கள்: அந்தச் சுருளைச் செய்ய ஆசையா, நாற்காலியில் இருப்பவருக்குப் பக்கத்தில் நிற்க ஆசையா? பதிலை எழுதி அனுப்புங்கள், அதற்கேற்ற கல்லூரிப் பட்டியலைச் சேர்ந்தே போடுவோம்.