எடைமேடையில் நின்ற வண்டிகள்

அன்புள்ள ஐயா,

ஓசூரிலிருந்து தினமும் பெங்களூரு போய்வரும் மென்பொருள் சோதனையாளன் நான். எங்கள் குழு அஜைல் முறையில், அதாவது வேலையைச் சிறு துண்டுகளாக்கி, இரண்டு வார ஸ்பிரிண்டுகளாக (தவணைகளாக) வேலை செய்கிறது. பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினாலும் மென்பொருள் வேகமாக இயங்குகிறதா என்று பார்க்கும் செயல்திறன் சோதனையை வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஸ்பிரிண்டில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் மேலாளர். சராசரி பதில் நேரம் 2 வினாடிக்குள் இருப்பதால் கவலை இல்லையாம். இதை எப்படித் திட்டமிடுவது? எந்தக் கருவி நல்லது?

ஓசூர் வாசகர்

அன்புள்ள தம்பி,

கருவிக்கு ஜேமீட்டரே போதும், இலவசம். அதை விடுங்கள். என்னை உறுத்தியது 'சராசரி' என்ற சொல். மாங்காய் சீசன் வந்தாலே எனக்கு அந்த நினைப்புத்தான்.

பல வருடங்களுக்கு முன், கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் எடைமேடைக்கு ரசீது போடும் மென்பொருள் எழுதினேன். மார்ச்சில் நாலைந்து ரசீது போட்டுப் பார்த்தோம், நொடியில் வந்தது. ஜூனில் பெங்களூரா ரக மாங்காய் வந்து இறங்கியது. ஒவ்வொரு ரசீதுக்கும் என் நிரல் பழைய பதிவுகள் அத்தனையையும் முதலிலிருந்து தேடியது. பதிவு கூடக் கூட நேரமும் கூடியது.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 10 வண்டி வருகிறது. வண்டி ஏறி, எடை போட்டு, ரசீதோடு இறங்க 5 நிமிடம் என்றால் 50 நிமிட வேலை. மூச்சுவிட இடம் இருக்கிறது. அதுவே 7 நிமிடம் ஆனால் 70 நிமிட வேலை. ஒரு மணி நேரத்துக்குள் அது எப்படி அடங்கும்? காலை 8 மணிக்குத் தொடங்கினால், மாலை 6 மணிக்கு வருபவருக்கு முன்னால் 14 வண்டி நிற்கும். அவர் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். கணினியைக் கேட்டால் 'சராசரி 7 நிமிடம்' என்றுதான் சொல்லும். வெளியே நிற்பவர் அதன் கணக்கிலேயே வரமாட்டார்.

அப்படி நின்றவர்களில் சந்தூர்ப் பெரியவர் ஒருவர். வண்டியின் அடிப்பலகையிலிருந்து பழச்சாறு சொட்டி மண்ணில் ஈ மொய்த்தது. துண்டை நனைத்துக் காய்கள்மேல் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். "கையால் எழுதித் தந்துவிடக் கூடாதா தம்பி?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

மேலாளர்மேல் மட்டும் பழி போடாதீர்கள். பயனருக்கு என்ன வேண்டும் என்று எழுதிவைக்கும் யூசர் ஸ்டோரியில், பதில் வரவேண்டிய நேரத்தையும், தாங்கவேண்டிய சுமையையும் எழுதாமல் விட்டது யார்? நீங்களும்தானே! 'சீசன் முடியும் நாளில் இருக்கும் அளவு பதிவுகளோடு, நெரிசல் நேரத்தில், 100 பேரில் 95 பேருக்கு 2 வினாடிக்குள்' என்று எழுதுங்கள். அது நிறைவேறாமல் அந்த வேலை முடிந்ததாகக் கணக்கில் சேரக் கூடாது. சிறு சோதனை தினமும் இரவில் தானாக ஓடட்டும். நேற்றைவிட மந்தமானால் காலையில் தெரிந்துவிடும். முழுச் சுமைச் சோதனைக்கு அசலுக்கு நிகரான சர்வர் வேண்டும், அதை இப்போதே கேட்டு வையுங்கள். இரண்டு மூன்று ஸ்பிரிண்டுக்கு ஒருமுறை ஓட்டுங்கள். கடைசி ஸ்பிரிண்டில் குறை தெரிந்தால் திருத்த நாள் ஏது?

உங்கள் மென்பொருளுக்கு எது சீசன்? எந்த மாதம், எந்த நாள், எத்தனை மணிக்கு நெரிசல்? நாளைக்கே குழுவில் கேட்டு எனக்கு எழுதுங்கள்.