கேள்வி உங்களுடையது: சிங்கப்பூர்க் காட்டுக்குள் ஒரு நடை

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முட்டிவலி வேறு. மண்டாயில் புதிதாகத் திறந்த பாதைக்குக் கூட்டிப் போகலாமா? காடு என்றதுமே பயப்படுகிறார்.
– வாசகி, ஈசூன்

தாராளமாகப் போகலாம். நீங்கள் சொல்வது 2024 டிசம்பரில் திறந்த மண்டாய் போர்ட்வாக் (பலகைப் பாதை) என்றால், அது 3.3 கிலோமீட்டர், அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தின் கரையோரமாகவே போகிறது, விலங்குத் தோட்டத்துக்கு டிக்கெட் எடுக்காமலே நடக்கலாம். சக்கர நாற்காலி போகிற பாதை என்பதால் வேரில் தடுக்கி விழுகிற பயம் இல்லை. ஸ்பிரிங்லீஃப் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி 138 பேருந்து பிடித்தால் விலங்குத் தோட்டத்து வாசலிலேயே விடும்.

ஆனால் வந்ததே வந்தோம், முழுசாக முடித்துவிடுவோம் என்று அம்மாவை இழுக்காதீர்கள். முட்டிவலிக்காரர்களுக்குத் தூரத்தைவிட முக்கியம் எங்கே உட்காரலாம், எங்கே திரும்பலாம் என்பதுதான். பதினைந்து நிமிடம் போய்விட்டு வந்த வழியே திரும்பினாலும் அதே மரம், அதே தண்ணீர்தானே.

அப்புறம் குரங்குகள். அவை உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கும், அதுவும் பிளாஸ்டிக் பை சரசரத்தால் போதும், கைப்பிடிக் கம்பி மேலேயே நடந்து பக்கத்தில் வந்துவிடும். முறுக்கு, வாழைப்பழம் எல்லாம் முதுகுப்பைக்குள் போகட்டும். பாவமே என்று ஒன்றை நீட்டிவிடவும் வேண்டாம், காட்டு விலங்குக்கு உணவு கொடுத்து முதல் முறை பிடிபட்டாலே 5,000 வெள்ளி (டாலர்) வரை அபராதம்.

நீர்த்தேக்கம், நீர்த்தேக்கம் என்றே எழுதுகிறீர்கள். ஆற்றோரமாகக் காட்டுக்குள் நடக்க நம் ஊரில் இடமே கிடையாதா?
– வாசகர், ஹவ்காங்

நல்ல சண்டைக்குத்தான் வந்திருக்கிறீர்கள்! சிங்கப்பூரில் இந்த இரண்டையும் அவ்வளவு சுலபமாகப் பிரிக்க முடியாது. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கம் 1910ல் காலாங் ஆற்றை அணை கட்டி மறித்து உண்டானது, முதலில் அதன் பெயரே காலாங் ஆற்று நீர்த்தேக்கம்தான். அங்கே காட்டுக்குள் 900 மீட்டர் பலகைப் பாதை இருக்கிறது, நல்ல நிழல், வார நாள் காலையில் போனால் கூட்டமும் இருக்காது.

ஆறு ஓடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அங்கிருந்து பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்கு இறங்குங்கள். ஒரு காலத்தில் 2.7 கிலோமீட்டர் நேர்கோட்டுக் கான்கிரீட் கால்வாய். 2012ல் அதை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றிவிட்டார்கள். இது காடு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கரைப் புல்லில் இறங்கிப் பாறை மேல் உட்கார்ந்து காலை நனைக்க முடிகிற ஆறு நம் ஊரில் வேறு எங்கே இருக்கிறது? மழை கொட்டினால் தண்ணீர் மளமளவென்று ஏறிப் புல்வெளி வரை வரும், அப்படித்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். சைரன் கேட்டாலோ எச்சரிக்கை விளக்கு மின்னினாலோ வீடியோ எடுத்துக்கொண்டு நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

பாதையோரம் டுரியான் விழுந்து கிடந்தால் எடுக்கலாமா?
– வாசகர், புக்கிட் பாத்தோக்

கூடாது. பூங்காவிலும் இயற்கை வனப்பகுதியிலும் அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது, விழுந்த பழமானாலும் சரி. கடையில் வாங்கிச் சாப்பிடுங்கள்.

நண்பர்கள் சேர்ந்து கோஸ்ட்-டு-கோஸ்ட் பாதையை ஒரே நாளில் முடிக்கத் திட்டம். முடியுமா?
– வாசகர், செங்காங்

ஜூரோங் லேக் கார்டன்ஸிலிருந்து கோனி தீவு வரை 36 கிலோமீட்டர். பழகிய கால் என்றால் முடியும், இல்லையென்றால் இருபதாவது கிலோமீட்டரில் நண்பர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். என்னைக் கேட்டால் மூன்று ஞாயிற்றுக்கிழமையாகப் பிரித்துக்கொள்வேன். ஒவ்வொரு பகுதியும் எம்ஆர்டி அல்லது பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் முடிகிற மாதிரி முதலிலேயே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மதியம் இடி இடிக்க ஆரம்பித்தால் மரத்தடியில் ஒதுங்குவது ஆபத்து, கூரை இருக்கிற இடத்துக்குப் போயாக வேண்டும். விடியற்காலையில் கிளம்பினால் அந்தத் தொல்லை பாதி குறையும். புதுச் சப்பாத்து மட்டும் அன்றைக்கு வேண்டாம்.