உதவி கேட்டு வருபவர் கையில் நல்ல போனைப் பார்த்தால் நமக்கு ஏன் எரிச்சல் வருகிறது?

கேள்வி கேட்டவர் கீழே இரண்டு வரி சேர்த்திருக்கிறார்: "பிள்ளையின் படிப்புக்குப் பணம் வேண்டும் என்று வந்தவரிடம் என் போனைவிட நல்ல போன் இருந்தது. கொடுத்துவிட்டேன், ஆனால் மனசு ஒப்பவில்லை. இப்படி நினைப்பது தப்பா?"

உங்களை எனக்குத் தெரியாது. ஆனாலும் ஓரளவு ஊகிக்க முடிகிறது. மாதச் சம்பளக்காரர். செலவைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர். அந்த மாதிரி போனை நீங்களும் ஒருநாள் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்ப வைத்திருப்பீர்கள். நீங்கள் வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்த பொருளை உங்களிடம் கை நீட்டுகிறவர் வைத்திருந்தால் எரியத்தான் செய்யும். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் இதற்குப் பதில் எழுத உட்கார்ந்த காரணம் ஒரு கைக்கடிகாரம்.

அப்பா இறந்தபோது எனக்குப் பதினைந்து வயது. அவர் விட்டுப்போனவற்றில் கடன்காரர்கள் கண்ணில் படாமல் தப்பியது அந்த வாட்ச் ஒன்றுதான். சாவி கொடுக்கும் வகை. காலையில் எழுந்ததும் இருபது சுற்று கொடுக்க வேண்டும். மறந்தால் மதியத்துக்கு மேல் நின்றுவிடும். ஒரு நாளைக்கு ஏழு நிமிஷம் வேகமாக ஓடும். கண்ணாடியில் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ஒரு கீறல். அப்பாவின் மணிக்கட்டு பெரியது, என்னுடையது குச்சி. அதனால் பட்டையில் கவராய முனையால் நானே கூடுதலாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டேன். ஓட்டை கோணலாக விழுந்ததில் பட்டை எப்போதும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

கல்லூரியில் சேர்ந்த வருஷம் ஒரு அறக்கட்டளையில் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். பெயர் வேண்டாம், அவர்கள் பணத்தில் படித்தவன் நான், அந்த நன்றி இருக்கிறது. நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா இருந்ததிலேயே நல்ல சட்டையைத் தேய்த்துக் கொடுத்து அனுப்பியிருந்தாள். மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது. கையெழுத்துப் போடக் கையை நீட்டியபோது நடுவில் இருந்தவர் கேட்டார்:

"கையில என்னப்பா?"

"வாட்ச் சார்."

"அது தெரியுது. அப்பா இல்ல, வருமானம் இல்லன்னு எழுதியிருக்க. இது மட்டும் எப்படி?"

அப்பாவுடையது என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. இவர்களையெல்லாம் எத்தனை பார்த்திருக்கிறோம் என்கிற சிரிப்பு. "இதை வித்திருந்தா ஒரு பருவத்துக்குப் புத்தகம் வந்திருக்குமே" என்றார். நான் கேட்டதில் பாதிதான் கிடைத்தது. வாட்ச்தான் காரணமா, நிதி பற்றாக்குறையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் பதினெட்டு வயதில் எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்.

(அந்த வாட்ச் இப்போது என்னிடம் இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். "ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கித் தருகிறேன்" என்று என் அண்ணன் எடுத்துப் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. இப்போது அவன் மகன் புதுப் பட்டை போட்டுக் கட்டிக்கொண்டு திரிகிறான். கேட்டால், மூத்தவனுக்குத்தானே வரணும் என்கிறான் அண்ணன். கடன்காரர்கள் வாசலில் நின்ற வருஷத்தில் இந்த மூத்தவன் எங்கே இருந்தான் என்று யாரும் கேட்பதில்லை. என் மனைவி இதைப் படித்தால் திட்டுவாள். பரவாயில்லை.)

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வருஷம் அதே நேர்காணலுக்குப் போனபோது நான் தேறியிருந்தேன். அம்மா மறுபடியும் நல்ல சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். அந்தக் கட்டடத்துக் கழிவறையில் அதைக் கழற்றி மடித்துப் பைக்குள் திணித்துவிட்டு, கழுத்துப்பட்டை பிய்ந்த பழைய சட்டையைப் போட்டுக்கொண்டேன். வாட்ச் கால்சட்டைப் பைக்குள் போனது. வெள்ளையாகத் தெரிந்த மணிக்கட்டை மறைக்கக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். பேச்சையும் கொஞ்சம் இழுத்தேன். முழுத்தொகையும் கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பையைத் திறந்து சட்டையை எடுத்துப் பார்த்து, "ஏன் இப்படிக் கசங்கியிருக்கு?" என்றாள். பஸ்ஸில் கூட்டம் என்றேன். சட்டை பைக்குள் இருந்ததற்கு அது பதிலே இல்லை. அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அம்மாவுக்கு நல்ல சட்டை என்பது மானம். உதவி கேட்கப் போகும்போதுகூட, அப்போதுதான் முக்கியமாக, கந்தலாகப் போகக் கூடாது. எதிரில் உட்கார்ந்தவருக்கோ அதே சட்டை பொய்க்குச் சாட்சி. சரி, அம்மா சொன்னபடி சுத்தமாக வராமல் அழுக்காக வந்தால்? "குளிக்கக்கூடவா காசு வேணும்? சோம்பேறி" என்பார்கள். அதையும் காதால் கேட்டிருக்கிறேன். ஆக, கிழிந்திருக்க வேண்டும், ஆனால் துவைத்திருக்க வேண்டும். ஏழைக்குச் சமூகம் தைத்து வைத்திருக்கும் சீருடை இதுதான்.

இதைச் சும்மா ஒரு உவமைக்காகச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 1697-ல் நிஜமாகவே சட்டம் போட்டார்கள். வட்டாரத் திருச்சபை நிதியில் உதவி பெறுகிறவர், அவர் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் மேலாடையின் வலது தோளில் சிவப்பு அல்லது நீலத் துணியில் 'பி' என்ற எழுத்தையும் அந்த வட்டாரத்தின் முதலெழுத்தையும் தைத்துக்கொள்ள வேண்டும். ஏழை என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து அது. அந்தச் சட்டம் நூறு வருஷத்துக்கு மேல் ஏட்டில் இருந்தது. பிறகு 1931-ல், வேலையில்லாக் காலத்துக்கான காப்பீட்டுத் தொகை தீர்ந்துபோனவர்களுக்கு அதே நாட்டில் வருமானச் சோதனை வந்தது. அதிகாரி வீட்டுக்கே வருவார். மகன் என்ன சம்பாதிக்கிறான், மகள் என்ன கொண்டு வருகிறாள், சேமிப்பு எவ்வளவு என்று கணக்கெடுப்பார். கூடத்தில் உள்ள சாமானை விற்றுச் சாப்பிடச் சொன்னார்கள் என்ற வேதனை அந்தத் தலைமுறையின் நினைவுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அதைப் படித்தபோது "இதை வித்திருந்தா" என்ற குரல் என் காதில் அப்படியே கேட்டது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இங்கே நடப்பது தலைகீழ். கொடுக்கிறவர் வாங்குகிறவரின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்.

பல வருஷம் கழித்து ஆடம் ஸ்மித் 1776-ல் எழுதிய ஒரு பகுதியைப் படித்தேன். சந்தைப் பொருளாதாரத்துக்கே தந்தை என்று கொண்டாடப்படுகிறவர், ஆகவே என்னை யாரும் இடதுசாரி என்று திட்ட வேண்டாம். அத்தியாவசியப் பொருள் எது என்று விளக்க அவர் ஒரு லினன் சட்டையை எடுத்துக்கொள்கிறார். கிரேக்கர்களும் ரோமானியர்களும் லினன் இல்லாமலே சுகமாக வாழ்ந்தார்கள், ஆனால் தன் காலத்து ஐரோப்பாவின் பெரும்பகுதியில் ஒரு கூலித் தொழிலாளிகூட அது இல்லாமல் வெளியே தலைகாட்ட வெட்கப்படுவான், ஆகவே அது அத்தியாவசியம்தான் என்கிறார். பொருளாதார அறிஞர் அமர்த்திய சென் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, நாலு பேர் முன்னால் வெட்கமில்லாமல் நிற்க முடிவதும் வறுமையை அளக்கும் கணக்கில் சேரும் என்று வாதாடினார். இருவரும் பெரிய மேதைகள். என் அம்மா படிக்காமலே இஸ்திரிப் பெட்டியோடு அதே முடிவுக்கு வந்திருந்தாள்.

இப்போது எனக்கு ஏன் யோக்கியதை இல்லை என்று சொல்கிறேன்.

நாங்கள் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து சிறிய அளவில் படிப்புக்கு உதவி செய்கிறோம். தேர்வுக் குழுவில் நானும் உண்டு. மூன்று வருஷம் முன்பு ஒரு பெண் வந்தாள். நல்ல மதிப்பெண், அம்மா மட்டும்தான், அவருக்கும் நிலையான வேலை இல்லை. மடியில் கவிழ்த்து வைத்திருந்த போன் வழுக்கிக் கீழே விழுந்தது. பெரிய திரை, புதுசு. எனக்குள் ஏதோ ஒன்று சட்டென்று இறுகியது. வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது:

"போன் நல்லா இருக்கே. யார் வாங்கிக் கொடுத்தது?"

அவள் பதறிவிட்டாள். "தவணைல சார். வீட்டுக்கே இது ஒண்ணுதான். அம்மாவை வேலைக்குக் கூப்பிடறவங்க இதுலதான் கூப்பிடுவாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "விண்ணப்பத்தை போன்லதான் போடணும்னு நீங்க சொல்லியிருந்தீங்களே சார். பழைய போன்ல அந்தப் பக்கமே திறக்கல" என்றாள்.

குத்திக்காட்டுகிற தொனி துளியும் இல்லை. எதையோ தப்பாகச் செய்துவிட்டோமோ என்று உண்மையாகவே பயந்து கேட்டாள். காகித விண்ணப்பம் வேண்டாம், வேலை மிச்சம் என்று அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே நான்தான். நடுவில் உட்கார்ந்து சிரித்தவரை நான் முப்பது வருஷம் மனசுக்குள் வைத்துத் திட்டியிருக்கிறேன். அவர் நாற்காலியில் உட்கார எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கால் நிமிஷமே அதிகம்.

ஆகவே அந்த எரிச்சல் கெட்டவர்களுக்கு மட்டும் வருவது என்று நான் நம்பவில்லை. என்னைக் கேட்டால் அது கணக்குப் பார்க்கும் குணம்கூட இல்லை, பயம். அவர்கள் ஏதோ தப்புச் செய்துதான் இந்த நிலைக்கு வந்தார்கள் என்றால், தப்புச் செய்யாத நாம் வர மாட்டோம் அல்லவா? அந்த போனைப் பார்த்ததும் "அதோ தப்பு" என்று கண்டுபிடித்த நிம்மதி வருகிறது. எரிச்சலுக்கு அடியில் அந்த நிம்மதி இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். எனக்கு இருந்தது.

இதற்கு என்ன பதில் வரும் என்று தெரியும். "அப்போ ஏமாற்றுகிறவனே இல்லையா?" இருக்கிறான். நானே ஏமாற்றினேனே, கழிவறையில் சட்டை மாற்றி. பொய்யான வருமானத்தைக் காட்டிய ஒரு குடும்பத்துக்கு நாங்களும் இரண்டு வருஷம் கொடுத்திருக்கிறோம். விசாரிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வருமானத்தை விசாரியுங்கள், படிப்பை விசாரியுங்கள். கையில் இருக்கிற ஒரு பொருளை வைத்து ஒரு ஆளின் குணத்துக்கே தீர்ப்பு எழுதாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

"காசைக் கொடுத்தால் குடித்துவிடுவார்கள்" என்பது அடுத்தது. 2014-ல் உலக வங்கி ஆய்வாளர்கள் இருவர், ஏழைகளுக்கு நேரடியாகப் பணம் கொடுத்த திட்டங்கள் பற்றிய 19 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மது, புகையிலைச் செலவு கூடியதாகத் தெரியவில்லை. சில இடங்களில் குறைந்துகூட இருந்தது. குடிக்கிறவர் யாருமே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. என் சித்தப்பா ஒருவர் குடித்தே போனார். அவர் வசதியானவர், அதனால் அவரை வைத்து வசதியானவர்களைப் பற்றி யாரும் முடிவு கட்டவில்லை.

அப்புறம், தேவைக்குப் போகத்தானே ஆசைக்கு என்பார்கள். 2019-ல் நோபல் வாங்கிய அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் மொராக்கோவின் ஒரு கிராமத்தில் கண்டதை எழுதியிருக்கிறார்கள். ஒருவர், கூடுதலாகப் பணம் கிடைத்தால் சாப்பாட்டுக்குத்தான் செலவழிப்பேன் என்கிறார். வீட்டுக்குள் போனால் டிவி, அதற்கு ஆன்டெனா, டிவிடி கருவி எல்லாம் இருக்கிறது. கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே, சாப்பாட்டைவிட டிவி முக்கியம் என்றாராம். வேலை கிடைக்காத நாட்களை அந்தக் கிராமத்தில் வேறு எப்படித் தள்ளுவது? எனக்கு அது உடனே புரிந்தது. எங்கள் வீட்டிலும் எத்தனையோ இல்லாமல் இருந்தது. இருபது சுற்று சாவி கொடுத்ததும் காதோரம் டிக் டிக் என்று கேட்குமே, அதை விற்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

நீங்கள் கொடுத்ததைப் பற்றிக் கேட்டீர்கள். கொடுத்தீர்கள், நல்லது. மனசு ஒப்பாததை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை என்றால் இன்னும் நல்லது. நான் காட்டிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு முழுத்தொகையும் கொடுத்தோம், படித்து முடித்தும்விட்டாள். ஆனால் அதற்கடுத்த வருஷம் தொகை வாங்க வந்தபோது போனை வெளியே எடுக்கவே இல்லை. கைப்பையை இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் விண்ணப்பத்தில் 'வீட்டில் உள்ள பொருட்கள்' என்ற பகுதியை எடுத்துவிட வேண்டும் என்று குழுவில் சண்டை போட்டேன். இரண்டு கூட்டம் நடந்தது. போனையும் டிவியையும் எடுக்க ஒப்புக்கொண்டார்கள். 'இரு சக்கர வாகனம் உண்டா' என்பது மட்டும் இருக்கட்டும் என்று முடிவானது. வரும் மாதம் மறுபடி கூட்டம் இருக்கிறது.