சிப்பில் எழுதுவதற்கு முன்: திருகோணமலை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

உவர்மலையிலிருந்து ஒரு மாணவர்: அண்ணா, பயாஸை (கணினியை எழுப்பும் முதல் நிரலை) புதுப்பிக்கும்போது மடிகணினி பாதியில் அணைந்துவிட்டது. இப்போது விசிறி சுழல்கிறது, திரை எழும்பவில்லை. சிப்பைப் படித்து எழுதும் சிஎச்341ஏ கருவி வாங்கினால் சரிசெய்யலாமா?

செய்யலாம் தம்பி. ஆனால் கருவி கைக்கு வந்ததும் எழுதத் தொடங்காதீர்கள். பற்றரியைக் கழற்றிவிட்டு, பயாஸ் இருக்கும் நினைவகச் சிப்பில் உள்ளதைப் படித்து ஒரு கோப்பாகச் சேமியுங்கள். பழுதான பயாஸ்தானே என்று விட்டுவிட வேண்டாம். தொடரிலக்கம், விண்டோஸ் உரிமக் குறி போன்றவை பெரும்பாலும் அதே சிப்பில்தான் இருக்கின்றன. இணையத்தில் கிடைத்த கோப்பை அப்படியே மேலே எழுதினால் கணினி எழும்பலாம். அவை போனது போனதுதான்.

சிப்பின் முதுகில் உள்ள எழுத்தையும் உருப்பெருக்கியால் பாருங்கள். 25கியூ64எஃப்வி என்றால் 3.3 வோல்ட், 25கியூ64எஃப்டபிள்யூ என்றால் 1.8 வோல்ட். இரண்டாவதற்கு இடையில் மின்னழுத்த மாற்றி கட்டாயம் வேண்டும். மலிவான, கறுப்பு நிறச் சிஎச்341ஏ கருவிகள் பலவற்றில் தரவுக் கால்களுக்கு 5 வோல்ட் வருகிறது. மல்டிமீட்டரால் அளந்து பார்க்காமல் எந்தச் சிப்பையும் பொருத்தாதீர்கள்.

கிண்ணியாவிலிருந்து: படிக்கும் ஒவ்வொரு முறையும் கோப்பு வேறுபடுகிறது. சிப் பழுதாகிவிட்டதா?

பெரும்பாலும் கருவியின் கவ்வி சிப்பின் கால்களைச் சரியாகப் பிடிக்காததுதான் காரணம். நம் ஊர் உப்புக்காற்றில் கால்கள் பூத்துப்போகும். ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடையுங்கள். இரண்டு கோப்புகள் அச்சொட்டாக ஒத்துப்போகும்வரை எழுத வேண்டாம்.

மூதூரிலிருந்து: கண்ணாடிச் சாளரம் உள்ள பழைய ஈப்ரொம்மை (புற ஊதா ஒளியால் அழித்து மீண்டும் எழுதும் நினைவகச் சிப்பை) வெயிலில் வைத்து அழிக்கலாமா?

நேரடி வெயிலில் ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும், அதுவும் நம்பகமாக இராது. 253.7 நானோமீட்டர் புற ஊதா விளக்கின் கீழ் 15 முதல் 20 நிமிடம் போதும். அந்த ஒளி கண்ணைக் கெடுக்கும். மூடிய பெட்டிக்குள் மட்டும் பயன்படுத்துங்கள். படித்துச் சேமித்துவிட்டீர்களா? அதற்கு முன் சாளரத்தின் மேலுள்ள ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். அழிந்த சிப்பில் எல்லாப் பிட்டுகளும் 1 ஆக இருக்கும்.

நிலாவெளியிலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, கருவியே இல்லாமல், மாணவர்கள் கையால் எழுதிப் பார்க்க வழி உண்டா?

உண்டு, இதைவிட நல்ல பாடம் இல்லை. 2716 என்ற பழைய ஈப்ரொம் வேண்டாம்; அதற்கு 25 வோல்ட்டும், ஒவ்வொரு பைட்டுக்கும் 50 மில்லிவினாடித் துடிப்பும் வேண்டும். மின்சாரத்தாலேயே அழித்து எழுதும் 28சி16 சிப்பை எடுங்கள். 5 வோல்ட்டிலேயே எழுதும், புற ஊதா விளக்கும் தேவையில்லை. முகவரிக்கு 11 சுவிட்சுகள், தரவுக்கு 8.

சிக்கல் எழுதும் துடிப்பில்தான். அட்மெல் தயாரிப்பில் அது 1 மைக்ரோவினாடியைத் தாண்டக்கூடாது. விரல் அழுத்தம் பல ஆயிரம் மடங்கு நீளம். அதனால் பொத்தானுக்கு 1 நானோபாரட் மின்தேக்கியும் 680 ஓம் மின்தடையும் சேருங்கள்; அவை துடிப்பைச் சுருக்கிவிடும்.

இலக்கம் காட்டும் ஏழு துண்டு விளக்குக்கான அட்டவணையை எழுதச் சொல்லுங்கள். 0 முதல் 9 வரை பத்தே முகவரிகள். பொது எதிர்மின்வாய் விளக்கில் 1 என்றால் அந்தத் துண்டு ஒளிரும்; வலக்கோடிப் பிட்டிலிருந்து a முதல் g வரை துண்டுகளை இணைத்தால் ‘0’ என்பதற்கு 00111111, ‘1’ என்பதற்கு 00000110. தரவு சுவிட்சுகளைத் துண்டித்துவிட்டு, எழுதிய ஒவ்வொரு முகவரியையும் எல்இடிகளில் திரும்பப் படித்துச் சரிபார்க்கட்டும்.