ஜெர்மனியில் முதுகலை படிக்க, இறுதியாண்டு மாணவர் எதை முதலில் தயார் செய்ய வேண்டும்?

ஏ.பி.எஸ். சான்றிதழை. உங்கள் மதிப்பெண் பட்டியல்கள் உண்மையானவைதானா என்று சரிபார்த்துத் தருவது அது. இந்தியாவில் படித்தவர்களுக்கு 2022 நவம்பர் முதல் மாணவர் விசாவுக்குக் கட்டாயம். குளிர்காலப் பருவத்துக்குப் பல்கலைக்கழகங்களில் விண்ணப்பிக்க ஜூலை 15 பரவலான கடைசித் தேதி, சில படிப்புகளுக்கு அதற்கும் முன்பே முடிந்துவிடும். ஆகவே தாமதிக்காதீர்கள்.

அடுத்தது பணம். இங்கேதான் பல குடும்பங்கள் திணறுகின்றன. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, உண்மைதான். ஆனால் விசாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. பெரும்பாலோர் அதை முடக்கக் கணக்கில் (blocked account, மொத்தமாக எடுக்க முடியாத கணக்கு) போடுகிறார்கள். அங்கே போனபின் மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். கல்விக்கடன் கேட்கும்போதே இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆங்கிலவழிப் படிப்பானாலும் ஜெர்மன் கற்றுக்கொண்டு போங்கள். வீடு தேடவும் பகுதிநேர வேலைக்கும் அது மிகவும் உதவும்.