பீன்ஸ் காய் நீளத்துக்கு எத்தனை மரபணு?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் பீன்ஸ் போடுகிறேன். 10 செ.மீ. காய்க்கும் ரகத்தையும் 18 செ.மீ. ரகத்தையும் கலப்பு செய்தேன். முதல் தலைமுறையின் சராசரி 14. இரண்டாம் தலைமுறையில் 180 செடிகளில் இரண்டுதான் 18-ஐத் தொட்டன. மூன்று மரபணு என்று வைத்துக்கொள்ளலாமா? மலைப்பூண்டுக்கும் இதே கணக்கு சரிவருமா?

பதில்: அந்த இரண்டு செடிகளை நம்பி முடிவுக்கு வராதீர்கள். மூன்று மரபணு என்றால் 64-ல் ஒன்று பெற்றோரைப் போல வரும் என்பது சரி. ஸ்வீடன் மரபியலாளர் நில்சன் ஏலே 1909-ல் கோதுமை மணியின் நிறத்தில் அப்படித்தான் எண்ணினார். ஆனால் நிறத்தைப் பார்த்ததும் பிரித்துவிடலாம். காய் நீளம் அப்படியல்ல. வரப்போரம் கொஞ்சம் எரு கூடுதலாக விழுந்தாலே 16 செ.மீ. காய்க்க வேண்டிய செடி 18 காட்டும்.

மரபணு எண்ணிக்கையை மதிப்பிட, அமெரிக்க மரபியலாளர் கேஸில் 1921-ல் சொல்லி, இன்னொரு மரபியலாளரான ரைட் செம்மைப்படுத்திய சூத்திரம் ஒன்று உண்டு. தூய ரகங்களின் கலப்பில் முதல் தலைமுறைச் செடிகளுக்கெல்லாம் மரபு ஒன்றே. அவற்றுக்குள் இருக்கும் வித்தியாசம் மண்ணும் பனியும் செய்தது. நீங்கள் அனுப்பிய அளவுகளில் முதல் தலைமுறையின் விலக்க வர்க்கச் சராசரி (ஒவ்வொரு செடியும் சராசரியிலிருந்து விலகும் அளவை வர்க்கமாக்கி எடுத்த சராசரி) 1, இரண்டாம் தலைமுறையில் 3. கழித்தால் 2, இதுதான் மரபின் பங்கு. பெற்றோரின் வித்தியாசம் 8, அதன் வர்க்கம் 64. சூத்திரப்படி அதை 2-இன் எட்டு மடங்கான 16-ஆல் வகுத்தால் 4. இதுதான் மரபணுக்களின் எண்ணிக்கை.

நான்கு என்பது குறைந்தபட்சம்தான். ஒரே குரோமோசோமில் ஒட்டிக்கிடக்கும் மரபணுக்கள் ஒன்றாகவே எண்ணப்படும். எல்லாவற்றின் வலுவும் சமம் என்றும், நீட்டும் மரபணுக்கள் முழுக்க ஒரு பெற்றோரிடமே உள்ளன என்றும் சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. இரண்டும் அபூர்வம். பெற்றோர், இரு தலைமுறைகள் எல்லாம் ஒரே படிக்கட்டு வயலில், ஒரே பருவத்தில், கலந்து நடப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் 4-க்கும் மதிப்பில்லை.

உங்களுக்கு வேண்டியது நீளக்காய் விதைதானே? நான்கு மரபணு என்றால் இரண்டாம் தலைமுறையில் 256-ல் ஒன்றுதான் முழுமையாக அமையும். அப்படி ஒன்றாவது கிடைக்கும் என்ற 95 சதவீத உறுதிக்கு ஏறக்குறைய 765 செடி வேண்டும். அந்த வேட்டையை விடுங்கள். பீன்ஸ் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும்; அதனால் தலைமுறைக்குத் தலைமுறை மரபு தானாகவே தூய்மையாகிக்கொண்டு போகும். செடிக்கு ஒரு விதை வீதம் எடுத்து ஆறாம் தலைமுறை வரை கொண்டுபோனால், வாய்ப்பு கிட்டத்தட்ட 16-ல் ஒன்றாகிவிடும். இப்படித் தனித்தனிச் செடியிலிருந்து தொடர்ந்து வரும் ஐம்பது வம்சாவளி போதும். அப்புறம் நிதானமாக அளந்து தேர்ந்தெடுக்கலாம்.

மலைப்பூண்டில் இது எடுபடாது. பல்லை ஊன்றி வளர்ப்பதால் ஒவ்வொரு செடியும் தாயின் நகல்; கலப்பும் இல்லை, இரண்டாம் தலைமுறையும் இல்லை.